மதாம் கல்யாணத்துக்குப் போனாள்

பிரெஞ்சு தேசம் மனித குலத்துக்கு வழங்கிய மாபெரும் கொடைகள் இரண்டு. ஒன்று, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். அதை உலகத்தார் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டு போய்விட்டதால் இப்போது எங்கேயும் முழுசாகக் கிடைப்பதில்லை. இரண்டாவது கொடை மட்டும் 1989-ஆம் வருஷத்திலும் ஒரு கீறல்கூட விழாமல், காட்டுப்பாக்கத்தில் கிறிஸ்துராஜ் வீட்டு முன்கூடத்தில், பழைய வேட்டி ஒன்றைப் போர்த்திக்கொண்டு நின்றது.

அது ஒரு பெஜோ கார். தயிர் நிறம். நாலு கதவு, சோபா மாதிரி சீட்டு, ஒரு வீட்டையே காலி செய்து ஏற்றக்கூடிய டிக்கி. குடும்பம் குட்டிகளோடு ஊர் போய் வருவதற்கென்றே பிரெஞ்சுக்காரர்கள் செய்த 'குடும்பக் கார்' அது. சென்னைப் பட்டணத்தில் இதுபோல இன்னொன்று இல்லை என்பார் கிறிஸ்துராஜ். இருந்தால் காட்டட்டும் என்று சவாலும் விடுவார். யாரும் காட்டவில்லை. யாரும் தேடவும் இல்லை.

ஏழு வருஷத்துக்கு முன் பாண்டிச்சேரியில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பிள்ளைகளோடு பாரிசுக்குக் குடியேறும்போது விற்ற கார் அது. அவர்தான் அதற்கு 'மதாம்', அதாவது சீமாட்டி, என்று பெயர் வைத்திருந்தார். "எட்டு பேரு ஏறிக்கினு வேளாங்கண்ணிக்குப் போயி வந்த வண்டி சார் இது. கோழிகூட ஏத்தியிருக்கோம். குடும்பத்த ஏத்துங்க, நல்லா ஓடும்" என்று சாவியையும் புத்திமதியையும் சேர்த்துக் கொடுத்தார். கிறிஸ்துராஜ் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றபோது மகள் செலினுக்குப் பதினாலு வயசு. சுற்றிச் சுற்றி ஓடி வந்தாள். அந்தச் சந்தோஷத்தில் கிறிஸ்துராஜ் வாயை விட்டுவிட்டார். "இன்னாமே பாக்குற? ஒன் கல்யாணத்துக்கு நீ இதுலதான் கோயிலுக்குப் போவ. இது அப்பன் வாக்கு!" அந்த வாக்கைச் செலின் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

மதாம் சொந்தக் காலால் நடந்தது அன்றோடு சரி. மறுநாளே 'மேற்குச் சென்னை பிரெஞ்சு குடும்பக் கார் பேரபிமானிகள் சங்கம்' தோன்றிவிட்டது. கிறிஸ்துராஜ் தலைவர். ஜானகிராமன் செயலாளர். வீராசாமி பொருளாளர். சாதாரண உறுப்பினர் பதவி மட்டும் காலியாக இருந்தது. மூவரும் திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை. தலைவர், செய்த சரக்கைச் சோதித்துப் பார்க்கிற இன்ஸ்பெக்டர். செயலாளர், அதை லாரியில் ஏற்றி அனுப்புகிற டெஸ்பாட்ச். பொருளாளர் ஸ்டோர்ஸ்.

அவர்களுடைய அன்பை என்னவென்று சொல்வது! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சங்கம் கூடும். வேட்டியை விலக்குவார்கள். எஞ்சினை உயிர்ப்பிப்பார்கள். கிறிஸ்துராஜ் மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லி முடிக்கும் வரைக்கும் எஞ்சின் ஓடும். ஆமென் என்றதும் அணைத்துவிட வேண்டும். ஜானகிராமன் பெருமாள் பக்தர், ஆனாலும் அந்த நேரத்தில் கண்ணை மூடிக் கைகட்டி நிற்பார். பிறகு 'வெள்ளோட்டம்'. அதாவது, மூவரும் கூடத்தில் இருந்து வாசல் கேட் வரைக்கும் கையால் தள்ளிக்கொண்டு போய், திரும்பத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஓட்டினால் டயர் தேயும் அல்லவா?

விதிமுறைகளும் இருந்தன. தலையில் எண்ணெய் வைத்தவர்கள் உள்ளே உட்காரக்கூடாது. பூ வைத்தவர்கள் கூடாது. சாப்பிட்டவர்கள் கூடாது. இந்த விதிகளைத் தாண்டி உட்காரத் தகுதியுள்ளவர் யாரும் அந்தக் குடும்பத்தில் இல்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடிகள் தேய்ந்துபோகும் என்று நாலையும் கழற்றிப் பஞ்சு சுற்றி பீரோவில் வைத்துவிட்டார் கிறிஸ்துராஜ். மனைவி சகாயமேரியும் மகளும் அடுப்படிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். முன்கூடம் மதாமுக்கு.

இப்படி ஏழு வருஷம் போனது. செலினுக்கு ஆவடியில் மாப்பிள்ளை அமைந்தார். செபாஸ்டியன், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், நல்ல தேகக்கட்டு. டிசம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை, நூம்பல் மாதா கோயிலில், காலை பத்து மணிக்குத் திருமணம். மறுநாள் ஞாயிறு திருவருகைக் காலம் பிறக்கிறது. அதன்பின் கிறிஸ்மஸ் முடியும் வரைக்கும் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள்.

"அப்பா, கார்?" என்றாள் செலின்.

கிறிஸ்துராஜ் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகளைப் பிரிகிற துக்கம் என்று சகாயமேரி நினைத்தாள். அவருக்கு நினைவெல்லாம் மழையில் இருந்தது. கார்த்திகை மழை. குமணன்சாவடியில் இருந்து வேலப்பன்சாவடி வரைக்கும் ரோட்டை வேறு தோண்டிப் போட்டிருந்தார்கள். சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது.

"பேசாம ஓட்டிகினே போனா இன்னா? டயரு இன்னாத்துக்குக் கீது?" என்று டீ கொண்டுவந்த சகாயமேரி கேட்டாள்.

மூவரும் பூசை நடுவில் யாரோ ஏப்பம் விட்டது போல அவளைப் பார்த்தார்கள்.

"அக்கா, சேறு அடிச்சா வண்டி இன்னாத்துக்கு ஆவும்?" என்றார் வீராசாமி.

ஜானகிராமன் எழுந்தார். முகத்தில் ஞானஒளி. "லாரியில ஏத்திடுவோம்! நம்ம கம்பெனியில சரக்கு ஏத்தற பிளாட்பாரமும் லாரித் தளமும் ஒரே மட்டம். அப்படியே தள்ளினா உள்ள போயிடும். மேல தார்ப்பாய் போத்திட்டா ஒரு சொட்டு மழை படாது."

"லாரியோட பக்கப் பலகை இடிக்குமே, கதவு தொறக்காதே. பொண்ணு எப்டி ஏறும்?" என்று கேட்டார் கிறிஸ்துராஜ். இன்ஸ்பெக்டர் அல்லவா, குறை கண்ணில் பட்டுவிட்டது.

அங்கேதான் ஜானகிராமனின் மேதைமை வெளிப்பட்டது. "பொண்ணைப் பிளாட்பாரத்துலயே கார்ல ஏத்திடணும் தலைவரே. அப்பால காரை லாரியில ஏத்தணும்!"

மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அது சரி, எப்படி இறக்குவது என்று யாரும் கேட்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் டெஸ்பாட்சில் வேலை பார்த்ததில்லை. சரக்கு நம் பிளாட்பாரத்தை விட்டு லாரியில் ஏறிய நிமிஷமே நம் வேலை முடிந்தது. இறக்கிக்கொள்வது வாங்குகிற பார்ட்டியின் பொறுப்பு. இருபது வருஷமாக மூவரும் அப்படித்தான் சரக்கு அனுப்பிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முன் வாரம் மழை விட்டிருந்த ஒரு நாளில், மதாமைக் கம்பெனி லாரிக்குப் பின்னால் கயிறு கட்டித் திருமழிசைக்கு நடைவேகத்தில் கொண்டுபோனார்கள். டயர்களுக்குக் கோணி சுற்றியிருந்தது. மூவரும் இரண்டு பக்கமும் விசிறிக்கொண்டே நடந்தார்கள். கம்பெனி கோடவுனுக்குள் சரிவு வழியாகத் தள்ளி ஏற்றினார்கள்; அங்கே 'இறுதி ஆய்வு' நடந்தது.

கல்யாணத்தன்று காலை நல்ல மழை. வீட்டில் இருந்து கோயிலுக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். ஆனால் மணப்பெண் காரில் போக வேண்டும் என்பதால் அதற்கு எதிர்த்திசையில் திருமழிசைக்குப் பஸ் ஏறினாள். வெள்ளைப் பட்டுச் சேலை, தலையில் கிரீடம், அதிலிருந்து தொங்கும் வலை முக்காடான நெட்டு, கையுறை, பூச்செண்டு. கண்டக்டர் எழுந்து தன் சீட்டைக் கொடுத்தார். சகாயமேரி குடையைப் பிடித்தபடி வழிநெடுக ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று இருபத்திரண்டு வருஷமாகக் கிறிஸ்துராஜ் தெரிந்துகொள்ளவில்லை.

பிளாட்பாரத்தில் மதாம் பளபளவென்று நின்றது. செலின் அதைப் பார்த்ததும் பஸ், மழை எல்லாவற்றையும் மறந்து சிரித்துவிட்டாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு கதவு அவளுக்காகத் திறந்தது.

"தலையில எண்ணெய் கீதா?" என்று கேட்டார் வீராசாமி.

"ஷாம்பு போட்டுகினேன் மாமா."

"அப்ப ஏறு."

பின்சீட்டில் உட்கார்ந்தாள். கதவு மூடியது. லாரி ஓட்டுகிற கோவிந்தன் பீடியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கை கொடுக்க, மதாம் வழுக்கிக்கொண்டு லாரிக்குள் போனது. பலகைக்கும் கதவுக்கும் நடுவில் நாலு விரல்கூட நுழையாது. கயிறு கட்டினார்கள். மேலே தார்ப்பாய் போர்த்தினார்கள். உள்ளே மணப்பெண் இருட்டில் மூழ்கினாள்.

"ஊரு ஜனம் பாக்கத்தான கார்ல போறது? மூடிட்டா எவன் பாப்பான்?" என்று கோவிந்தன் கேட்டான்.

"வண்டிய நனைக்கச் சொல்றியா?" என்றார் கிறிஸ்துராஜ். சகாயமேரியை முன்னால் உட்கார வைத்துவிட்டு, மூவரும் பின்னால் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார்கள். அன்பு என்றால் அது அன்பு.

பூந்தமல்லியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். "உள்ள இன்னா சரக்கு?"

"கல்யாணப் பொண்ணு சார்" என்றான் கோவிந்தன்.

"இன்னாடா, வெளாட்றியா?" அவர் சக்கரத்தில் கால் வைத்து ஏறித் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் இருட்டில் வெள்ளை உடுப்பும் தலையில் கிரீடமுமாக, மாதா சொரூபம் போல ஓர் உருவம். போலீஸ்காரர் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த உருவம் கண்ணாடியைத் தட்டித் தட்டி என்னவோ கத்தியது. உள்ளே காற்றில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சின்ன முனகல்கூட வெளியே கேட்கவில்லை.

கிறிஸ்துராஜ் மார்பை நிமிர்த்தினார். "பாத்தீங்களா சார்? எவ்ளோ கத்துது, ஒரு சத்தம் வெளிய வருதா? கண்ணாடியச் சுத்தி ரப்பர் பீடிங்! பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுக்காரன்தான்!"

போலீஸ்காரர் ஆமோதித்து வழிவிட்டார்.

நூம்பல் வந்தபோது மழை விட்டிருந்தது. கோயில் மணி பத்தைத் தாண்டியிருந்தது. வாசலில் சாமியார், பாடகர் குழு, மாப்பிள்ளை வீட்டார், பாண்டு வாத்தியம். லாரி பின்வாக்கில் வந்து வாசலில் நின்றதும் கோவிந்தன் பின்பலகையை இறக்கினான். தார்ப்பாய் விலகியது. மதாமைக் கண்டதும் கூட்டம் "ஆ!" என்றது. பாண்டு முழங்கியது. ஏழு வருஷத் தவம் பலித்துவிட்டது என்று கிறிஸ்துராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாண்டு ஓய்ந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். காரும் லாரி மேலேயே நின்றது.

ஜானகிராமன் எட்டிப் பார்த்தார். கீழே தரை, ஆள் நெஞ்சு உயரத்துக்குக் கீழே, சேறாகக் கிடந்தது. அவர் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துக் கண்டிப்பாகக் கேட்டார். "பிளாட்பாரம் எங்க?"

"இன்னா பிளாட்பாரம்?" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

"சரக்கு எறக்கற பிளாட்பாரம்! அனுப்பறதுதான் எங்க பொறுப்பு. எறக்கிக்கறது பார்ட்டி பொறுப்பு. நீங்கதான பொண்ணு எடுக்குற பார்ட்டி?"

"கல்யாணத்துக்கு வந்தா பிளாட்பாரம் கட்டிகினு வரணும்னு எவனும் சொல்லலியே!"

சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து ஊரில் பதினொரு மணிக்கு ஒரு சாவு அடக்கம், போயே ஆக வேண்டும். "திருமழிசைக்குத் திருப்பிகினு போயி எறக்கிகினு வரேன் ஃபாதர்" என்றான் கோவிந்தன். "நீ வர்றதுக்குள்ள நான் போயிடுவேன்ப்பா. நாளையிலேர்ந்து திருவருகைக் காலம். அப்புறம் கிறிஸ்மஸ் முடிஞ்சுதான் கல்யாணம்" என்றார் சாமியார்.

"அதுவரைக்கும் பொண்ணு லாரி மேலயா?" என்றார் மாமா.

மாப்பிள்ளை வீட்டு வாலிபர்கள் முப்பது பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். வண்டியையே தூக்கி இறக்கிவிடலாமாம். வீராசாமி குறுக்கே விழுந்தார். மோதிரம் போட்டவன் கழற்ற வேண்டும், எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பாலீஷ் மேல் விரல் படாமல் தூக்க வேண்டும் என்றார். "பாலீஷ்ல கை வெக்காம எதைப் புட்ச்சித் தூக்கறது அண்ணாத்தே?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான், ஆனால் காரை நேசிக்கத் தெரியாதவன் கேட்கிற கேள்வி.

அப்போது செபாஸ்டியன் கோட்டும் டையுமாக லாரிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறிக் காருக்குள் பார்த்தான். செலினுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. பவுடர் கரைந்து ஓடியது. மூச்சு வாங்குவது தெரிந்தது.

"மாமா, கண்ணாடிய எறக்குங்க, ஜன்னல் வழியா தூக்கிடறேன்."

"கைப்பிடி ஊட்டுல பீரோல கீது மாப்ளே" என்றார் கிறிஸ்துராஜ்.

"அப்போ ஒடச்சிடலாமா?"

சங்கத்தார் மூவரும் ஒரே நேரத்தில் நெஞ்சில் கை வைத்தார்கள். கண்ணாடியையா! மூலையில் பிரெஞ்சு முத்திரை போட்ட கண்ணாடியையா! ஒன்று போனால் இன்னொன்றுக்குக் கடல் கடந்து எழுதிப் போட வேண்டும். லாரித் தளத்திலேயே சங்கத்தின் சிறப்புக் கூட்டம் கூடியது. 'கண்ணாடிக்குப் பங்கம் இன்றி மணமகளை மீட்பது' என்று ஜானகிராமன் முன்மொழிந்தார். வீராசாமி வழிமொழிந்தார். எப்படி மீட்பது என்பதைத் துணைக்குழு ஆராயலாம் என்றார்கள். தலைவரின் முடிவைக் கேட்டார்கள்.

தலைவர் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் மகளைப் பார்த்தார். திரும்பக் கண்ணாடியைப் பார்த்தார். இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன, இருந்தாலும் பார்வை இடம் மாறியது வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் தெரிந்தது. கடைசியில் அவர் நடுநிலை வகிப்பதாக அறிவித்தார்.

"யோவ்!" என்றாள் சகாயமேரி. கல்யாணத்தன்று அவள் பேசிய முதல் சொல் அது. "உள்ள கீறது ஒம் பொண்ணுய்யா! இன்னா யோசிக்கிற?"

"அந்த மாதிரி கண்ணாடி இன்னொண்ணு கெடைக்காது மேரி."

"பொண்ணு கெடைக்குமா?"

கிறிஸ்துராஜ் அதையும் யோசித்தார். நேர்மையான மனிதர்.

இவ்வளவையும் உள்ளே இருந்த செலின் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பேச்சு காதில் விழவில்லை, ஆனால் அப்பாவின் கண் எங்கே நிற்கிறது என்பது தெரிந்தது. பூச்செண்டைச் சீட்டில் வைத்தாள். முன்சீட்டுக்கு அடியில் குனிந்து கையை விட்டுத் துழாவினாள். நிமிர்ந்தபோது கையில் சக்கரம் கழற்றுகிற வீல் ஸ்பானர்.

"செலினு! வாணாம்மா! அப்பா சொல்றேன், வாணாம்!" என்று கிறிஸ்துராஜ் அலறினார். உள்ளே கேட்கவில்லை. ரப்பர் பீடிங் அவ்வளவு நேர்த்தி.

முதல் அடிக்குக் கண்ணாடி தாங்கியது. தரமான சரக்கு. இரண்டாவது அடிக்குக் கல்கண்டு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. கூட்டம் விசிலடித்தது. பாண்டுக்காரர்கள் இதற்கு என்ன பாட்டு வாசிப்பது என்று தெரியாமல் ஆளுக்கொன்றாக ஆரம்பித்தார்கள். கோயில் கோபுரத்தில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்ட வைத்திருந்த ஏணியைச் செபாஸ்டியன் தூக்கிக்கொண்டு வந்து லாரியில் சாத்தினான். செலின் முதலில் நெட்டைச் சுருட்டி வெளியே எறிந்தாள். பிறகு ஒரு காலை ஜன்னல் வழியாகப் பலகை மேல் வைத்தாள், மறு காலை ஏணியில் வைத்தாள், சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மூச்சை ஆழமாக இழுத்து விட்டாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தான். சாமியாரும் சிரித்துவிட்டு, "நேரமாச்சு, வாங்க வாங்க" என்று உள்ளே ஓடினார்.

பீடம் வரைக்கும் மகளைக் கைபிடித்து அழைத்துப் போனது சகாயமேரி. தகப்பனார் எங்கே என்று யாரோ கேட்டார்கள். அவர் லாரி மேல் முழங்கால் போட்டு, கைக்குட்டையை விரித்து, ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஜானகிராமனும் வீராசாமியும் கண்ணாடி இல்லாத ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டினார்கள்.

தாலி கட்டும் நேரத்துக்குக் கிறிஸ்துராஜ் வந்து சேர்ந்தார். கையில் கைக்குட்டை மூட்டை. கண்ணில் இருந்து தாரைதாரையாக நீர். பூசை முடியும் வரைக்கும் அழுதார். பந்தியில் பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். போட்டோவில் அழுதார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் உருகிப்போனார்கள். "பொண்ணு மேல இன்னா பாசம் பாரேன்! நம்ம ஊட்டுலயும் ஒண்ணு கீதே, கல்லு மாதிரி!" என்று தங்கள் புருஷன்மாரை இடித்தார்கள்.

சாயங்காலம் செலின் புறப்படுகிற நேரம். மாப்பிள்ளை வீட்டார் பிடித்து வந்த ஆட்டோ காத்திருந்தது. வழக்கப்படி அப்பாவின் முன்னால் முழங்கால் போட்டாள். கிறிஸ்துராஜ் கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார். சுற்றி நின்றவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அவர் குனிந்து அவள் காதோரம் வாயை வைத்தார்.

"செலினு... எல்லாம் பொறுக்கிட்டேன்மா. முத்திரை போட்ட மூலை மட்டும் காணோம். ஒம் பொடவையில எதுனா மாட்டிகினு கீதா பாரேன்."

செலின் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். வலது கையுறையை மெல்ல உருவினாள். உள்ளங்கையில் செபாஸ்டியனின் கைக்குட்டை கட்டியிருந்தது. வெள்ளைத் துணியில் ரத்தம் காய்ந்திருந்தது.

"பொடவையில இல்லப்பா. இதுக்குள்ள ஏறிகினு கீது. போற வழியில டாக்டராண்ட காட்டி எடுத்துக்கறோம்."

கிறிஸ்துராஜ் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார். இவ்வளவு நேரம் அழுத முகத்தில் முதன்முதலாக ஒரு வெளிச்சம் வந்தது. கூடியிருந்த பெண்கள் விம்மி விம்மி அழுதார்கள்.

"டாக்டராண்ட சொல்லும்மா," என்றார் தகப்பனார், "ஒடைக்காம எடுக்கச் சொல்லு."